மேல்மாடிக்கு இரண்டு பேர்

ஜன்னல் ஓரம் நீங்களே உட்காருங்கள் சார். எனக்கு ஜன்னல் சலித்துவிட்டது. முப்பத்தாறு வருஷம் ஜன்னல் ஓரத்திலேயே வேலை. அந்தக் கவரை மட்டும் இப்படிக் கொடுங்கள், மடியில் வைத்துக்கொள்கிறேன். மடங்கிவிடக் கூடாது. உள்ளே அழைப்பிதழ் இருக்கிறது. கல்யாணமெல்லாம் இல்லை, ஓட்டல் திறப்பு விழா.

நீங்களும் திருவண்ணாமலையா? இன்றைக்குப் பௌர்ணமி இல்லையே. ஓ, பத்திர ஆபீஸ் வேலையா. சரி, சரி. நான் மகளைப் பார்க்கப் போகிறேன். தேன்மொழி. அங்கே அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். என்னோடு பேசி நான்கு வருஷம் ஆகிறது. எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும், அதுதான் உண்மை. வருகிற வெள்ளிக்கிழமை அவளை மெட்ராஸுக்குக் கூட்டிக்கொண்டு போய், எங்கள் ஓட்டலின் மேல்மாடியில் எதிரே உட்கார வைத்து, ஒரு வேளை சாப்பிட வேண்டும். அழைப்பிதழில் 'இருவருக்கு' என்று போட்டிருக்கிறார்கள். இரண்டாவது ஆள் அவள்தான். அவள் சரி என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பஸ்.

என் பெயர் தணிகாசலம். ஹோட்டல் நீலாம்பரியில் கேப்டனாக இருந்தேன். கேப்டன் என்றால் கப்பல் கேப்டன் இல்லை சார், சர்வர்களுக்கு மேலே இருப்பவன். சிரிக்காதீர்கள், எங்கள் கல்யாணத்தில் மாமனார் வீட்டில் பாதிப் பேர் என்னை நேவிக்காரன் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

எண்பத்தெட்டில் சேர்ந்தேன். அப்போது பதினைந்தாவது மாடியில் சுற்றுகிற ரெஸ்டாரண்ட். கேள்விப்பட்டிருப்பீர்கள். நடுவில் கிச்சன், அது சுற்றாது. ஓரத்தில் கண்ணாடி ஜன்னல், அதுவும் சுற்றாது. இரண்டுக்கும் நடுவில் வளையம் மாதிரி ஒரு தரை, அது மட்டும் நகரும். மேஜைகளெல்லாம் அதன் மேல். ஒரு சுற்றுக்கு எழுபத்தைந்து நிமிஷம். காலடியில் ஒன்றுமே தெரியாது. ஆனால் சூப் எடுக்க உள்ளே போய்விட்டு வெளியே வந்தால் உங்கள் மேஜை அங்கே இருக்காது. முதல் நாள் நான் தக்காளி சூப்பைக் கொண்டுபோய் ஒரு நீதிபதி முன்னால் வைத்தேன். அவர் கேட்டது காபி. "தம்பி, இது எனக்கு மேல்முறையீட்டில் வந்ததா?" என்று கேட்டார்.

அதனால் நாங்கள் ஒரு முறை வைத்திருந்தோம். மேஜை எண்ணைச் சொல்லமாட்டோம், மேஜை எதைப் பார்க்கிறது என்று சொல்லுவோம். கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆளை உட்கார வைத்து சூப். துறைமுகத்துக் கிரேன் வரும்போது வறுவல் வகைகள். பரங்கிமலை தெரியும்போது சோறு, குழம்பு. மறுபடி கடல் வந்ததும் ஐஸ்கிரீம். ஒரு சுற்றுக்கு ஒரு சாப்பாடு. கிச்சனுக்குள் இருந்து மாஸ்டர் குரல் கொடுப்பார்: "யோவ் தணிகாசலம், உன் பரங்கிமலை ஆறுதுய்யா!"

ஒரு தடவை பெண் பார்க்க வந்தார்கள். இரண்டு குடும்பமும் எதிரெதிரே. மாப்பிள்ளையின் சித்தப்பா பாத்ரூம் போனார். பாத்ரூம் நடுவில் இருக்கிறது, அது நகராது. திரும்பி வந்தவர், போன இடத்துக்கே நேராக வந்து ஒரு மேஜையில் உட்கார்ந்து, "அப்ப ஜாதகத்த எப்ப கொடுக்கிறீங்க?" என்றார். அது வேறு குடும்பம் சார். அந்தப் பெண்ணுக்கு வயது எட்டு. பிறந்தநாள் கொண்டாட வந்திருந்தார்கள்.

கைப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, பத்து நிமிஷம் கழித்துத் திருடன் திருடன் என்று கத்தாத பெண்களே இல்லை. பை இருந்த இடத்தில்தான் இருக்கும். அவர்கள்தான் நகர்ந்து போயிருப்பார்கள். போய் எடுத்துக் கொடுப்பதற்கே ஒரு ஆள் வைத்திருந்தோம்.

அது பதினொரு வருஷம் ஓடியது. தொண்ணூற்றொன்பதில் மோட்டார் நின்றது. செய்த வெளிநாட்டுக் கம்பெனியை மூடிவிட்டார்களாம், பல்சக்கரம் கிடைக்கவில்லை. நின்ற இடத்தில் நின்றதுதான். கடல் பக்கம் நின்ற மேஜைகளுக்குச் சண்டை. தண்ணீர்த் தொட்டி பக்கம் நின்ற மேஜைகளுக்கு ஆளே வரமாட்டார்கள். அப்புறம் இரண்டாயிரத்து நான்கில் டான்ஸ் ஆடுகிற இடமாக்கினார்கள். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புப் பெயிண்ட். இருட்டில் கேப்டனுக்கு என்ன வேலை? டார்ச் லைட்டோடு நின்றேன். ஒன்பதில் அதையும் எடுத்துவிட்டுக் கம்பெனிகள் கூட்டம் போடுகிற ஹால். பெயிண்டைச் சுரண்டினார்கள், ஆனால் வந்தவர்கள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரையைப் பார்ப்பார்கள். பதினாறில் குறுக்கே சுவர் வைத்து ஆறு சூட். சூட் என்றால் பெரிய பணக்கார ரூம். மற்ற கேப்டன்கள் எல்லாம் துபாய், கப்பல் என்று போய்விட்டார்கள். நான் போகவில்லை. மேல்மாடி எப்படி மாறினாலும் அங்கே நான்தான். தரையில் எந்த டைல் ஆடும், எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு வெயில் அடிக்கும், எல்லாம் எனக்குத் தெரியும்.

கடலையா? வேண்டாம் சார், நீங்கள் சாப்பிடுங்கள். திண்டிவனம் கடலை நன்றாக இருக்கும்.

என் மனைவி ரஞ்சிதம். மனோரஞ்சிதம் என்பது முழுப்பெயர். அவள் அந்த மேல்மாடியைப் பார்த்ததே இல்லை. ஊழியர்களின் குடும்பம் பதினைந்தாவது மாடிக்கு வரக் கூடாது என்பது ஓட்டல் சட்டம். கல்யாணமான புதிதில் கேட்டாள். "ஏங்க, அந்தச் சுத்துற எடத்துல என்னை ஒரு சுத்து உக்கார வைக்கக் கூடாதா?" பார்க்கலாம் என்றேன். பிறகு அவள் கேட்கவில்லை. ஆனால் நான் மறக்கவில்லை. என்றைக்காவது மேலே கொண்டுபோவேன் என்று மனதுக்குள் ஒரு கணக்கு இருந்துகொண்டே இருந்தது.

கொண்டுபோனேன் சார். அதுதான் எனக்கு ஒரு ஆறுதல். இரண்டாயிரத்து இருபத்தொன்று, மே மாதம்.

கொரோனா இரண்டாவது தடவை வந்ததே, அப்போது. ஓட்டலில் ஆள் இல்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரி மேல்மாடியின் ஆறு சூட்டையும் எடுத்துக்கொண்டது. லேசாக நோய் உள்ளவர்கள் தங்கிக்கொள்ளலாம். ஒரு நர்ஸ், நாலு வேளைச் சாப்பாடு, கடல் காட்சி. ஒரு நாளைக்கு வாங்கியதை வைத்தே இந்தப் பஸ்ஸை வாங்கிவிடலாம். சாப்பாடு கட்டுகிற பொறுப்பு எனக்கு.

ரஞ்சிதத்துக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் மூச்சு வாங்கியது. விரலில் மாட்டிப் பார்க்கிற மிஷினில் ஆக்சிஜன் தொண்ணூற்று மூன்று. தேன்மொழி அப்போது மெட்ராஸில் அரசு ஆஸ்பத்திரியில் கொரோனா வார்டில் இருந்தாள். வீட்டுக்கே வருவதில்லை, அங்கேயே தங்கல். போன் செய்தாள்.

"அப்பா, இங்க ஒரு ஆக்சிஜன் பெட் காலியாகுது. பன்னெண்டு மணிக்குள்ள அம்மாவ கூட்டிட்டு வந்துடுங்க. ஆட்டோ கிடைக்கலன்னா சொல்லுங்க, நான் யாரையாவது அனுப்புறேன்."

"எந்த எடத்துல பெட்டு?"

"எந்த எடமா இருந்தா என்னப்பா? வார்டுக்கு வெளிய, நடையில போட்டிருக்கு. ஆனா பைப் இருக்கு. ஆக்சிஜன் வருது."

நடையில். நான் அந்த ஆஸ்பத்திரியைப் பார்த்திருக்கிறேன் சார். ஒன்றும் குறை சொல்லவில்லை, லட்சம் பேரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆனால் போகிறவன் வருகிறவன் கால்படுகிற இடத்தில் என் பெண்டாட்டியைப் படுக்க வைப்பதா? நான் யார்? முப்பத்து மூன்று வருஷம் மேல்மாடியில் ஊருக்கெல்லாம் நாற்காலி இழுத்துப் போட்டவன். நேராக ஜெனரல் மேனேஜரிடம் போனேன். வாய் திறந்து இதுவரை ஒன்றும் கேட்டதில்லை, இன்றைக்குக் கேட்கிறேன் என்றேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "மூணாம் நம்பர் சூட் காலியா இருக்கு தணிகாசலம். பில் போட வேண்டாம்னு சொல்லிடுறேன்" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்றாம் நம்பர்! நேராகக் கடல்!

தேன்மொழிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "மேல்மாடில ஆக்சிஜன் இருக்காப்பா?" என்றாள்.

"மிஷின் ஒண்ணு இருக்கு. எல்லாம் இருக்கு."

"ஒண்ணா? ஆறு ரூமுக்கா? அப்பா, சொல்றதக் கேளுங்க. இந்தப் பெட்ட நான் ரெண்டு மணி வரைக்கும் பிடிச்சு வைக்கிறேன். வந்துடுங்க."

"நடையில கிடக்கிறதுக்கு என் பெண்டாட்டி என்ன அனாதையா? உன் வேலையப் பாரும்மா" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன். அவள் வேலையைக் குறைத்துப் பேசிவிட்டதாக எடுத்துக்கொண்டாள். அந்தக் கோபம்தான் இன்றைக்கு வரைக்கும். வேறு என்ன இருக்க முடியும்? படித்த பெண், ரோஷம் அதிகம்.

இரண்டு மணிக்கு இன்னொரு தடவை போன் வந்தது. நான் எடுக்கவில்லை. ரஞ்சிதத்தை மேலே ஏற்றிக்கொண்டிருந்தேன்.

அவளோடு தங்க விடமாட்டார்கள். கீழே கிச்சனில் இருந்து வீடியோவில் பேசுவேன். முதல் நாள் சாயங்காலம் கேட்டேன், "எப்படி இருக்கு? கடல் தெரியுதா?"

"தெரியுதுங்க" என்றாள். "பெருசா தெரியுது."

"பாத்தியா? சொன்னேன்ல, ஒரு நாள் கூட்டிட்டுப் போறேன்னு."

"ஆமாங்க." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "ஏங்க, இந்த ஜன்னலக் கொஞ்சம் தொறக்கச் சொல்றீங்களா? காத்தே வரல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினைந்தாவது மாடியில் ஜன்னல் திறக்குமா சார்? அதெல்லாம் ஒரே கண்ணாடி, ஏசி. அதை விளக்கிச் சொன்னேன். ம் ம் என்று கேட்டுக்கொண்டாள். பிற்பாடு அந்த நர்ஸ் பெண் சொன்னாள், அம்மா கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லை, கண் கூசுகிறது என்று திரையையும் முதல் நாளே மூடச் சொல்லிவிட்டார்கள் என்று. அப்படியானால் கடலை எப்போது பார்த்தாள் என்று தெரியவில்லை. நர்ஸ் கவனிக்காத நேரத்தில் பார்த்திருப்பாள்.

மூன்றாம் நாள் காலையில் எண்பதுக்குக் கீழே போய்விட்டது. இருந்த ஒரே ஆக்சிஜன் மிஷின் ஐந்தாம் நம்பர் சூட்டில் இருந்தது. அங்கிருந்தவருக்கும் அதே நிலைமை, எடுக்க முடியாது. ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது, அதைக் குறை சொல்ல முடியாது. ஏழரைக்கு வாசலில் நின்றது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் பாருங்கள். அந்தக் கட்டடத்தில் லிப்ட் பதினாலாவது மாடியோடு நின்றுவிடும். கடைசி ஒரு மாடிக்கு வளைந்து ஏறுகிற படி, இருபத்திரண்டு படி. பித்தளைக் கைப்பிடி, சிவப்புக் கம்பளம். அந்தக் காலத்தில் மேல் படியில் நான் நிற்பேன். கீழிருந்து ஒவ்வொருவராக ஏறி வருவார்கள், முதலில் தலை தெரியும், அப்புறம் தோள், நான் கும்பிடுவேன். அது ஒரு மரியாதை சார். பதினாறில் சூட் கட்டும்போது இன்ஜினியர் லிப்டை மேல் வரைக்கும் இழுத்துவிடலாம் என்றார். ஜெனரல் மேனேஜர் பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டுக் கேட்டார். "படிதான் சார் இந்த மாடிக்கே அழகு. அதை எடுத்தால் இதுவும் மற்ற மாடி மாதிரி ஆகிவிடும்" என்றேன். எடுக்கவில்லை. செலவும் மிச்சம் என்று நினைத்திருப்பார்கள், ஆனால் என் பேச்சையும் கேட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். எத்தனை ஓட்டலில் ஒரு கேப்டனின் பேச்சைக் கேட்பார்கள்?

அந்த வளைவில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. இரண்டு பேர், தலை முதல் கால் வரைக்கும் அந்தப் பிளாஸ்டிக் உடுப்பு, கண்ணாடியெல்லாம் புகை மூடி. படியே அவர்களுக்குத் தெரியவில்லை. இரண்டு தடவை கிடத்திப் பார்த்தார்கள். அப்புறம் மேலே ஏற்றி, ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, போர்வையால் கட்டி, ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். நான் பதினாலாவது மாடியில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். கிட்டே விடவில்லை. முதலில் கால் தெரிந்தது. அப்புறம் கை. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. "ரஞ்சிதம்" என்றேன். கண்ணைத் திறந்து பார்த்தாள். அடையாளம் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை, நானும் மாஸ்க்கில் இருந்தேன்.

அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். அங்கேதான் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் வாசல் தாண்டும்போதே முடிந்துவிட்டது. தேன்மொழி வெளியே ஓடி வந்தாள். அழவில்லை. அம்மாவின் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டாள்.

"ரூம விட்டு எத்தனை மணிக்கு எடுத்தாங்க?"

"ஏழே முக்கால்."

"கீழ எத்தனை மணிக்கு வந்தாங்க?"

"எட்டே கால் இருக்கும்மா. அந்தப் படி வளைவில்..."

நான் சொல்லி முடிக்கவில்லை. உள்ளே போய்விட்டாள். அவள் டியூட்டி முடியவில்லை. அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. ஆறே மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு திருவண்ணாமலைக்குப் போய்விட்டாள். அங்கேயே லேப்பில் வேலை பார்க்கிற பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். மச்சினி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நல்ல பையனாம்.

இப்போது ஓட்டல் கை மாறிவிட்டது. புது முதலாளி மேல்மாடிச் சுவரையெல்லாம் இடித்துவிட்டு, புது மோட்டார் வைத்து, மறுபடி சுற்ற விடுகிறார். பழைய ஊழியர்களைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆளுக்கு இரண்டு சீட். இரண்டாவது பெயர் எழுத இடம் விட்டிருக்கிறது பாருங்கள், நான் இன்னும் எழுதவில்லை. பத்து நாளைக்கு முன்னால் இதைப் போட்டோ எடுத்துத் தேன்மொழிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 'அம்மா கடைசியாக இருந்த இடம், நாம் இருவரும் போய் வரலாம்' என்று எழுதினேன். பதில் வராது என்றுதான் நினைத்தேன். நான்கு வருஷமாகப் பொங்கல் தீபாவளிக்கெல்லாம் அனுப்புகிறேன், இரண்டு நீலக் கோடு விழும், அவ்வளவுதான்.

இதற்குப் பதில் வந்தது சார். அன்றைக்கு ராத்திரியே.

நீங்களே பாருங்கள். எனக்குக் கண்ணாடி போட்டாலும் இந்த எழுத்து சிறியதாகத்தான் தெரிகிறது. ஒரே வரி. படியுங்கள்.

'இப்ப மேல வரைக்கும் லிப்ட் போகுதா?'

பார்த்தீர்களா? கேட்டிருக்கிறாள். வர விருப்பம் இல்லாதவள் லிப்ட் போகிறதா என்று எதற்குக் கேட்கிறாள்? ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாளாம், மச்சினி சொன்னாள். படி ஏற முடியாதில்லையா, அதற்காகக் கேட்டிருப்பாள். நான் மறுநாளே ஓட்டலுக்குப் போய் விசாரித்தேன். போகிறது சார். படியை எடுத்துவிட்டு, கண்ணாடி லிப்ட் ஒன்றை நேராக மேலே வரைக்கும் வைத்திருக்கிறார்கள். ஸ்ட்ரெச்சர் கூடப் போகுமாம், அந்த அளவுக்கு அகலம். காவல்காரன் அவனாகத்தான் சொன்னான், நான் கேட்கவில்லை.

ஏன் சார் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள்? படித்துவிட்டீர்களா?

'போகிறது' என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்பினால் முடிந்தது, அதற்கு எதற்கு இவ்வளவு தூரம் பஸ் என்று நினைப்பீர்கள். எழுதினேன் சார். அன்றைக்கே எழுதினேன். பத்து நாளாக அந்த ஒரே வார்த்தையை எழுதுகிறேன், அழிக்கிறேன். அனுப்புகிற இடத்தில் விரல் போய் நிற்கிறது, அழுத்தமாட்டேன் என்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.